விசித்திர விமானங்களும் நம் ஆகாயமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



கோலாலம்பூரிலும் சா ஆலாமிலும் செர்டாங்கிலும் டெங்கிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களிலும் தொழிற்கல்லூரிகளிலும் யந்திரவியல், மின்னியல், விமானவியல் முதலான சாஸ்திரங்களைப் பயின்று வரும் தமிழ் இளைஞர்களாகிய உங்களுக்கு, உங்கள் தந்தையர் வயதையும் கடந்துவிட்ட நான் இம்மடலை எழுத முற்பட்டதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சக்தியால் இயங்கி, ஓடுபாதையின் தேவையில்லாமல், நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்பி அவ்வாறே செங்குத்தாக இறங்கும் புதுவகை விமானங்கள் உலகின் பல தேசங்களில் பல உருவங்களில் தோன்றிக் கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி நம்மவர் பேசும்போது வியப்பும் பரிகாசமும் நிறைந்திருக்கும் அளவுக்கு விசாரணை நிறைந்திருக்கவில்லை. அந்த விசாரணையைத் தொடங்க வேண்டியவர்கள் நீங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது தொழில்முனைவோர் மேம்பாட்டு அமைச்சராயிருந்த ரெட்சுவான் யூசோப், மலேசியாவின் முதல் பறக்கும் கார் அவ்வாண்டிலேயே காட்சிக்கு வரும் என்று அறிவித்தார். சைபர்ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏரோடைன் நிறுவனத்தோடு தொடர்புடைய 'வெக்டர்' என்ற மாதிரி அது. பஸ் நேரத்துக்கு வராத ஊரில் பறக்கும் கார் எதற்கு என்று தேசம் முழுவதும் ஒரே சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பில் நியாயம் கொஞ்சமும் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அடுத்த மூன்றே ஆண்டுகளில், 2022 பிப்ரவரியில், ஏர் ஏசியா நிறுவனம் அவோலான் என்ற விமானக் குத்தகை நிறுவனத்தோடு, பிரிட்டனின் வெர்ட்டிகல் ஏரோஸ்பேஸ் வடிவமைத்து வந்த வி.எக்ஸ்.4 என்னும் செங்குத்து விமானங்களில் குறைந்தது 100ஐக் குத்தகைக்கு எடுக்க விருப்ப ஒப்பந்தம் செய்துகொண்டது. சுபாங் விமான நிலையத்தில் இவற்றுக்கென ஒரு தளம் அமைக்கும் பேச்சும் எழுந்தது. விருப்ப ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்துவதல்ல. பேச்சு பேச்சாகவே நின்றுவிடவும் கூடும். என்றாலும் ஒரு காரியம் ஒப்பந்தக் காகிதம் வரை வந்துவிட்ட பிறகு, அதைப் பற்றிச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வது கல்வி கற்றவர்களுக்கு அழகல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நூறாண்டுகளாக நாம் பார்த்துப் பழகிய விமானங்கள், ஒரு நீண்ட உடலும் இரண்டு இறக்கைகளும் ஒரு வாலுமாக, ஏறக்குறைய ஒரே சாயலில் அமைந்திருக்கின்றன; ஹெலிகாப்டர்களும் தமக்குள் ஒரே சாயலுடையவையே. இந்தப் புதிய விமானங்களோ ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒன்றுக்குப் பதினெட்டுச் சுழலிகள். ஒன்றுக்கு இறக்கைக்குள்ளேயே புதைந்த முப்பத்தாறு விசிறிகள். ஒன்று காரைப் போல் சாலையில் ஓடி, எழும்பிய பின் பக்கவாட்டில் சாய்ந்து பறப்பதாகச் சொல்லப்படுகிறது. ஒன்றுக்குச் சக்கரமே இல்லை. இவற்றையெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டுப் புத்தி என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒவ்வொரு விசித்திரத்துக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் உருவத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே அதைப் படைத்தவன் எதை நம்பினான், எதை விட்டுக்கொடுத்தான் என்பதைப் படித்துவிடலாம்.

அந்தக் கணக்கு இது. ஒரு டன் எடையுள்ள விமானம் அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டுமானால், அதன் சுழலிகள் அந்த எடைக்கு ஈடான விசையோடு காற்றை இடைவிடாமல் கீழே தள்ளிக் கொண்டிருக்க வேண்டும். அகன்ற சுழலிகளால் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளியும் அந்த விசையைப் பெறலாம். குறுகிய விசிறிகளால் கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளியும் பெறலாம். ஆனால் செலவாகும் சக்தி இரண்டிலும் ஒன்றல்ல. நம் ஊர் உஷ்ணத்தில், சுழலிகள் வீசும் மொத்தப் பரப்பு 20 சதுர மீட்டராக இருந்தால், இழப்புகளைச் சேர்க்காமலே சுமார் 140 கிலோவாட் தேவைப்படும். அதே எடையை 2 சதுர மீட்டர் பரப்பைக் கொண்டு தாங்க முயன்றால் 450 கிலோவாட் ஆகிவிடும். பரப்பைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் சக்தி மும்மடங்குக்கும் மேலாக உயர்கிறது என்பது இதன் பொருள். இந்தச் சக்தி முழுவதும் மின்கலத்திலிருந்து வரவேண்டும். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி சக்தி அடங்கியிருக்க, இன்றைய நல்ல லித்தியம் மின்கலத்தின் ஒரு கிலோவில் சுமார் 250 வாட்-மணிதான் அடங்குகிறது. மின்மோட்டார் சக்தியை வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்ற அனுகூலத்தைச் சேர்த்துக்கொண்டாலும் இந்தப் பள்ளம் நிரம்புவதில்லை. எனவே இத்தகைய விமானத்தை வரைய உட்காருகிற எவரும் முதற்கோடு போடுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: இந்த விமானம் எத்தனை நிமிஷம் அந்தரத்தில் நிற்கப் போகிறது? நான் பார்த்த வரையில், விசித்திர வடிவங்கள் அத்தனையும் இந்த ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகளே.

வெகுநேரம் நிற்க வேண்டும் என்று விடை சொன்னவர்கள் ஜெர்மனியின் வோலோகாப்டர் நிறுவனத்தார். 2011 அக்டோபரில் அவர்களுடைய முதல் மாதிரி பறந்தபோது அதற்கு இருந்தவை பதினாறு சுழலிகள், நடுவில் ஓர் ஆசனம், அடியில் அடிபடாமல் இறங்குவதற்காகக் கட்டப்பட்ட ஒரு காற்றடைத்த தேகப்பயிற்சிப் பந்து ஆகியவை மட்டுமே. அந்த ஆசனத்தில் தாமஸ் சென்கல் என்பவர் அமர்ந்து சுமார் ஒன்றரை நிமிஷம் பறந்தார். இறக்கையில்லாத பல சுழலி மின்விமானத்தில் மனிதன் பறந்தது அதுவே முதல் முறை என்று கருதப்படுகிறது. பின்னர் அது பதினெட்டுச் சுழலிகள் கொண்ட பெரிய வளையமாக வளர்ந்து, 2019 அக்டோபர் 22ஆம் தேதி நம் அண்டை நாடான சிங்கப்பூரின் மரினா பே மீது மனிதரைச் சுமந்து பறந்து காட்டியது. அகன்ற பரப்பு, குறைந்த சக்தி, ஒன்றிரண்டு சுழலிகள் நின்றுபோனாலும் விழாத பத்திரம் ஆகிய யாவும் அதில் இருந்தன. இல்லாதது இறக்கை. இறக்கையில்லாத விமானம் முன்னோக்கிச் செல்லும்போதும் தன் எடை முழுவதையும் சுழலிகளாலேயே சுமக்க வேண்டியிருப்பதால், அதன் எல்லை சுமார் 35 கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வருவதற்கே ஏறக்குறைய அவ்வளவும் தீர்ந்துவிடும்.

இதற்கு நேரெதிரான விடையைச் சொன்னது அதே ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த லிலியம் நிறுவனம். எங்கள் விமானம் அந்தரத்தில் நிற்கப்போவதே மிகச் சொற்ப நேரம், மற்ற நேரமெல்லாம் அது ஜெட் விமானம் போல் விரைந்து செல்லும், ஆகவே நிற்கும்போது எவ்வளவு சக்தி செலவானாலும் பாதகமில்லை என்று அவர்கள் துணிந்தார்கள். இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளுக்குள் சிறு சிறு மின்விசிறிகளைப் பொருத்தி, அவர்களுடைய ஐந்து ஆசன மாதிரியில் முப்பத்தாறு விசிறிகளை வைத்தார்கள். மடிப்புகள் கீழே திரும்பினால் விமானம் எழும்பும், பின்னே திரும்பினால் முன்னேறும். பார்வைக்கு இத்தனை அழகான விமானம் இத்துறையில் வேறொன்று வந்ததில்லை என்றே சொல்வேன். ஆனால் அந்தச் சொற்ப நேரத்துக்கு வேண்டிய பெரும் சக்தியைத் தரக்கூடிய மின்கலத்தைச் செய்வதும், அதற்கு விமானத்துறை அதிகாரிகளின் அங்கீகாரம் பெறுவதும், காலத்தையும் செல்வத்தையும் விழுங்கிக்கொண்டே போயின. 2024 அக்டோபரில் நிறுவனம் திவாலாயிற்று. மீட்க முயன்றவர்களின் பணம் வந்து சேராமல் 2025 பிப்ரவரியில் மறுபடியும் திவாலாயிற்று. வோலோகாப்டரும் 2024 டிசம்பரில் அதே நிலையை அடைந்து வேறு கைக்கு மாறிற்று. ஒரே கேள்விக்கு இரண்டு எல்லைகளில் நின்று விடை சொன்ன இரண்டு நிறுவனங்கள், சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வீழ்ந்ததை நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும்.

கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த பிளாக்ஃபிளை என்ற ஒற்றையாள் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் பொறியியலில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நீக்குவது என்பது பெரிய கலை என்பதற்கு அது சிறந்த திருஷ்டாந்தம். செங்குத்தாக எழும்பி, பின் இறக்கையால் பறக்க விரும்பும் விமானங்கள் பெரும்பாலும் சுழலிகளைத் திருப்பும் யந்திரக் கீல்களை நம்புகின்றன. ஜோபி என்ற நிறுவனத்தின் விமானத்தில் ஆறு சுழலிகளும் திரும்புகின்றன. ஏர் ஏசியா விரும்பிய வி.எக்ஸ்.4க்கு முன்னால் உள்ள நான்கு திரும்புகின்றன. ஒவ்வொரு கீலும் எடை. ஒவ்வொரு கீலும் பழுதாகக்கூடிய ஓர் இடம். பிளாக்ஃபிளையைப் படைத்த மார்க்கஸ் லெங், கீல்களை அறவே நீக்கிவிட்டார். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றிலும் அசையாமல் பொருத்தப்பட்ட நான்கு சுழலிகள். திரும்ப வேண்டியபோது விமானமே முழுவதுமாகத் திரும்புகிறது. புறப்படும்போது அதன் மூக்கு வானத்தை நோக்கி நிமிர, உள்ளே இருப்பவர் சாய்வு நாற்காலியில் கிடப்பவரைப் போல ஆகாயத்தைப் பார்த்தபடி மேலே செல்கிறார். வேகம் கூடக்கூட மூக்கு தாழ்ந்து, இறக்கைகள் எடையை ஏற்றுக்கொள்கின்றன. இறங்கும்போது மீண்டும் நிமிர்ந்து, சக்கரமோ காலோ இல்லாத வளைந்த வயிற்றின் மேல் அமர்கிறது. பிரயாணியின் சௌகரியத்தை விட்டுக்கொடுத்து யந்திரத்தின் எளிமையைப் பெற்றார் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். அமெரிக்காவின் மிக இலகு விமானச் சட்டத்தின்படி இதை ஓட்ட உரிமம் வேண்டியதில்லை; ஆனால் ஜனநெருக்கமுள்ள இடங்களின் மேல் பறக்க அதே சட்டம் இடம் கொடுப்பதில்லை.

ஆஸ்திரியாவின் சைக்ளோடெக் நிறுவனம் சுழலி என்ற எண்ணத்தையே மாற்றிப் பார்க்கிறது: படுக்கைவாட்டில் சுழலும் பீப்பாய் ஒன்றின் விளிம்பில் தகடுகள் அமைந்து, ஒவ்வொரு சுற்றிலும் தம் கோணத்தை மாற்றிக்கொண்டே வருவதால், விசையை நினைத்த திசையில் நொடியில் செலுத்த முடிகிறது. துறைமுகங்களில் பெருங்கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரைசேர்க்கும் சில இழுவைப் படகுகளின் அடியில், ஃபாய்த் ஷ்னைடர் என்ற பெயரில், 1920களில் உருவான இதே தத்துவம் வேலை செய்து வருகிறது. கலிபோர்னியாவின் ஆலெஃப் நிறுவனம் சொல்லும் காரில், வலைப்பின்னலான உடலுக்குள் சுழலிகள் மறைந்திருந்து, மேலெழும்பியதும் உடல் முழுவதும் பக்கவாட்டில் திரும்பி, காரின் இருபக்கங்களே இரண்டு இறக்கைகளாகிவிடுகின்றன. ஆசனம் மட்டும் நேராக நிற்கிறது. இதைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சாலையில் ஓடுவதற்கு வேண்டிய எடையையும் ஆகாயத்தில் பறப்பதற்கு வேண்டிய லேசையும் ஒரே உடலில் கேட்பது, இன்றைய மின்கலத்தால் நிறைவேறக்கூடிய கோரிக்கையன்று.

இந்த விசித்திரங்கள் இன்று நேற்றுத் தோன்றியவையும் அல்ல. 1954இல் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட கன்வேர் போகோ என்ற விமானம் வாலின் மேல் நின்று செங்குத்தாக எழும்பியது; இறங்கும்போது விமானி தன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி இறக்க வேண்டியிருந்தது. கானடாவில் செய்யப்பட்ட ஆவ்ரோகார் என்ற தட்டுவடிவ விமானம் 1959இல் பறந்தது; தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு மேல் சென்றதும் தள்ளாடத் தொடங்கியதால் 1961இல் கைவிடப்பட்டது. அவை தோற்றது விசித்திரமாக இருந்ததனால் அல்ல. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிலையைச் சரிசெய்ய வல்ல கணினியும் உணரிகளும் அன்று இல்லாததனால். இன்று அவை இருக்கின்றன. அதனால்தான் பழைய கனவுகள் மறுபடியும் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

நம் இனத்தாருக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் ஐ.ஐ.டி. மதராஸின் விமானப் பொறியியல் பேராசிரியர் சத்திய சக்கரவர்த்தி தொடங்கி, அங்கேயே வளர்ந்து வரும் இ-பிளேன் நிறுவனம், நம்முடைய கேள்விக்கு வேறுவிதமாக விடை தேடியது. மேனாட்டு நிறுவனங்களில் பல, இறக்கை அகன்று பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் விமானங்களை வரைந்து கொண்டிருக்க, சென்னை போன்ற நெருக்கமான நகரத்தில் அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும் என்று இவர்கள் முதலில் கேட்டார்கள். ஆகவே இறக்கையைக் குட்டையாக்கி, குட்டை இறக்கையால் குறைவுபடும் தூக்குவிசையைச் சுழலிகளையும் சேர்த்து இயக்கி ஈடுசெய்யும் வழியை ஆராய்ந்தார்கள். 2023இல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் இந்நிறுவனத்தை விமான வடிவமைப்பு நிறுவனமாக அங்கீகரித்தது. 2025 பிப்ரவரியில் ஐகேட் என்ற வான் ஆம்புலன்ஸ் நிறுவனத்தோடு 788 விமானங்களுக்கு, நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்பில், ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த 788 விமானங்களும் பிறந்து பறக்கும் நாள் வரை எதையும் நிச்சயம் என்று சொல்வதற்கில்லை. நான் போற்றுவது தொகையை அல்ல, தங்கள் ஊரின் நெருக்கடியையே வரைபடத்தின் முதற்கோடாக வைத்துக்கொண்ட அந்தப் புத்தியை.

அப்படியானால் நம் ஊரின் நெருக்கடி எது? இடநெருக்கடி நமக்கும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரியது நம் தலைக்கு மேலே இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மிகுந்த பிரதேசங்களில் ஒன்று. ஆண்டில் ஏறக்குறைய 200 நாட்கள் இங்கே இடி முழங்குவதாகக் கணக்கிடப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பருவக்காற்றுகள் மாறும் இடைவேளையில், மதியம் இரண்டு மணி வரை கண் கூசும் வெயிலாக இருக்கும். மூன்றரை மணிக்குத் தித்திவங்சா மலைத்தொடரின் பக்கம் மேகம் கறுத்துத் திரளும். பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் பூ விற்பவர்கள் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடத் தொடங்குவார்கள். மழை விழுவதற்குச் சில நிமிஷம் முன்பு, மேகத்தின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று கீழே பாய்ந்து தரையில் மோதி நாற்புறமும் சிதறும். பந்தல் துணிகள் ஒரு கணம் ஒரு பக்கமாகவும் மறுகணம் எதிர்ப்பக்கமாகவும் அடித்துக்கொள்வதைப் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் எவரும் பார்த்திருப்பார். அந்தக் காற்று கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றி எழுந்து நிற்கும் உயரமான கட்டடங்களின் விளிம்புகளில் மோதிச் சுழன்று, பக்கத்திலேயே தாழ்ந்து கிடக்கும் இரண்டு மாடிக் கடைவரிசைகளின் கூரைகள் மேல் விழும்போது என்ன ஆகிறது என்பதுதான் நம் கேள்வி. இதோடு, தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் கிள்ளான் கரையைத் தாக்கும் சுமத்ராக் காற்றுவரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரையும் தாண்டும் வேகம் அதற்கு உண்டு.

இப்போது எண்ணிப் பாருங்கள். கலிபோர்னியாவின் வறண்ட வானத்தின் கீழ், இறங்குவதற்கு ஒரு நிமிஷம் போதும் என்று கணக்கிட்டு வரையப்பட்ட ஒரு விமானம், மாலை நான்கு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸின் கூரைத்தளம் ஒன்றை நெருங்குகிறது. காற்று திசைமாறுகிறது, முதல் முயற்சியில் இறங்க முடியவில்லை, மீண்டும் எழும்புகிறது, இரண்டாம் முயற்சிக்குள் மின்னல் நெருங்கிவிடுகிறது, சுபாங்குக்குத் திரும்பலாமென்றால் அங்கேயும் மழை. ஹெலிகாப்டராயிருந்தால் எண்ணெய் மிச்சமிருக்கும். மின்கலத்தில் மிச்சம் என்ன? அந்தரத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் இறக்கையால் பறக்கும் பல நிமிஷங்களை விழுங்குகிறது. ஆகவே, எத்தனை நிமிஷம் நிற்கப் போகிறது என்ற கேள்விக்கு நம் ஊரில் சொல்லும் விடை மற்ற ஊர்களின் விடையைவிட நீண்டதாக இருந்தே தீரும். அதே சமயம், மழையை விலகிச் சுற்றி, வேறிடம் தேடிப் போகவும் சக்தி வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, என் தீர்ப்பு இது: இறக்கையில்லாத பல சுழலி விமானம் நமக்கு ஆகாது, அதன் எல்லை மழையைச் சுற்றிப்போக இடங்கொடாது, விசிறிகளை இறக்கைக்குள் புதைத்த விமானமும் ஆகாது, அது அந்தரத்தில் காத்திருக்கமாட்டாது. மேலெழும்ப மட்டும் அகன்ற, அசையாத சுழலிகளும், முன்னேறத் தனியாக ஒரு சுழலியும், எடையைச் சுமக்க ஒரு நடுத்தர இறக்கையும் கொண்ட, கண்ணுக்குச் சாதாரணமாகத் தோன்றும் வடிவமே நம் ஆகாயத்துக்கு ஏற்றது. அகன்ற சுழலிகள் மெதுவாகச் சுழல்வதால், கிள்ளானின் தாமான்களில் சுவரோடு சுவராக நிற்கும் வரிசை வீடுகளுக்கு இரைச்சலும் குறையும்.

அதை யாருக்காக ஓட்டுவது என்பதும் வடிவத்தோடு சேர்ந்த விஷயமே. பெடரல் நெடுஞ்சாலையின் நெரிசலைத் தாண்டிச் செல்ல நான்கு செல்வந்தருக்கு ஒரு விமானம் என்றால் அதற்காக நான் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரே, சதுப்புக் காட்டுக்கு நடுவில், மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகளைக் கொண்ட கெத்தாம் தீவைப் பாருங்கள். அங்கே கார் இல்லை, சாலையும் பலகைப் பாலமும் சைக்கிளுக்குத்தான் போதும். போகவரப் படகு ஒன்றே வழி. நள்ளிரவில் அங்கே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் படகு, படித்துறை, ஆம்புலன்ஸ் என்று எத்தனை கை மாற வேண்டும்! நேர்க்கோட்டில் பார்த்தால் அது ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் பிரயாணம்; கீழே கடலும் அலையாத்திக் காடும் இருப்பதால் கூரைகளின் மேல் பறக்கும் அபாயமும் பெரும்பாலும் இல்லை. ஒரு நோயாளி, ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு விமானி ஆகிய மூவருக்கான விமானமே போதும். சென்னையில் உருவாகி வரும் ஆம்புலன்ஸ் விமானத்தின் அளவும் ஏறக்குறைய அதுவே.

இதையெல்லாம் அரசாங்கமும் பெருநிறுவனங்களும் பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்குச் சிலாங்கூரின் முதல் ரயில்பாதை திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வளர்ந்த ரயில்வேயில் தண்டவாளத்தைச் சுமந்தவர்களும், ஜல்லி கொட்டியவர்களும், பிறகு நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றியவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. பிரிக்பீல்ட்ஸ் நம்மவர் ஊராக ஆனதற்கே அந்த ரயில்வே காரணம். ஆனால் பாதை எங்கே போக வேண்டும், எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று வரைபடம் போட்ட மேசையில் நம்மவர் ஒருவரும் உட்கார்ந்திருந்ததாக நான் அறியவில்லை. ஆகாயப் பாதைகளுக்கு இன்னும் வரைபடம் போட்டு முடியவில்லை. அந்த மேசையில் உட்காருவதற்கு உங்களுக்கு இன்று கல்வி இருக்கிறது.

என் வேண்டுகோளைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாரும் விமானம் கட்ட வேண்டாம். அதற்குக் கோடிக்கணக்கான வெள்ளி வேண்டும், கோடிகளைச் செலவிட்டவர்களே வீழ்ந்ததை மேலே சொன்னேன். நம் கூரைகளின் மேல் அடிக்கும் காற்றை அளந்து எழுதுங்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்கு விஷயம் தேடி அலையும் உங்களில் நால்வர் சேர்ந்து, கே.எல். சென்ட்ரலுக்கு அருகில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் விளிம்பிலும், பிரிக்பீல்ட்ஸில் தாழ்ந்த கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியிலும், கிள்ளான் மருத்துவமனைக்கு அருகில் ஒன்றிலும், கெத்தாம் தீவின் படித்துறையிலும் ஒவ்வொரு காற்றுமானியை, உரியவர்களின் அனுமதியோடு, பொருத்துங்கள். நாள் சராசரி வேண்டாம். அது விமானத்துக்கு உதவாது. வினாடிக்குப் பல முறை அளந்து, மழைக்கு முந்திய அரைமணி நேரத்தில் காற்று எத்தனை முறை திசை மாறியது, ஒரு வீச்சு எத்தனை வினாடி நீடித்தது, கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் எவ்வளவு பாய்ந்தது என்பதை ஏப்ரல் முதல் நவம்பர் வரை இடைவிடாமல் குறித்து வையுங்கள். அதே வேளையில் சுபாங் விமான நிலையம் வெளியிடும் வானிலைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டில் உங்கள் கையில் சேரும் அந்த எண்களைக் கொண்டு, நம் ஊரில் ஒரு விமானம் இறங்குவதற்கு எத்தனை நிமிஷம் அந்தரத்தில் நிற்க நேரும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். அந்த எண்ணை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். வாங்குபவர்களுக்கோ அதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவுகளை ஆங்கிலத்திலும் மலாயிலும் வெளியிடுங்கள், அதிகாரிகள் படிக்கட்டும். தமிழிலும் எழுதுங்கள், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அந்த விமானங்களுக்குக் கீழே வாழப்போகிறவர்கள் படிக்கட்டும். இவ்வாண்டு இறுதியாண்டுத் திட்டம் எழுதப்போகிறவர்கள், வரும் பருவமாற்றத்து மழைக்கு முன்பே தங்கள் விரிவுரையாளரிடம் இந்த விஷயத்தைக் கொண்டுபோய்ப் பேசும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பிரிக்பீல்ட்ஸ் வாசி ஒருவர்